மோதிர விரலின் நீளம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அம்மா. தம்பி. தம்பியின் மனைவி. நான். மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது முப்பது இருக்காது.

தம்பி குடித்துக் குடித்து ஈரல் பழுதாகிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குடியை விடப்பண்ணுகிற வார்ட்டில் சில கிழமை இருக்க வேண்டும். அவன் மாட்டேன் என்றான். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் அவன் கையை வாங்கி அடிமட்டம் வைத்தார். மோதிர விரல் சுட்டுவிரலைவிட நல்ல நீளம்.

“வயித்தில இருக்கேக்கை ஆண் ஹோர்மோன் சுரப்புக் கூடக் கிடைச்ச பிள்ளையளுக்கு இப்பிடி இருக்கலாம் எண்டு சொல்லுகினம். குடி லேசாப் பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம். நிச்சயமில்லை. விரலை வைச்சு ஒருத்தரையும் சொல்லேலாது. நீங்கள் வெக்கப்படாமல் வார்ட்டுக்கு வரவேணும் எண்டுதான் சொல்லுறன்.”

தம்பி சிரித்தான். “பாத்தியளே, பிறக்க முதலே எனக்கு ஊத்தித் தந்திருக்கினம்.”

அம்மா சிரிக்கவில்லை. “ஆரின்ர வயித்தில, பிள்ளை?” என்று கேட்டார்.

“அம்மா, நீங்கள் சாப்பிட்டதாலயோ செய்ததாலயோ வந்ததில்லை. இதில ஒருத்தரின்ர பிழையும் இல்லை.”

நான் என் கையை மேசையில் வைத்தேன். டொக்டர் அளந்தார். அதே நீளம். நான் சாராயம் வாயில் வைத்ததில்லை.

“இதுக்குத்தான் சொன்னனான்” என்றார்.

தம்பி வார்ட்டுக்குப் போனான். ஒரு கிழமை முடிய முதலே பஸ் ஏறி வட்டக்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டான்.

அதுவரை அவனைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருந்தது அம்மாவின் வாய்தான். குடித்துவிட்டு வந்தால் வாசல் படலையிலேயே தொடங்குவார். அயல் முழுக்கக் கேட்கும். அந்த ஏச்சுக்குப் பயந்து சில நாள் குடிக்காமல் என்னோடு வயலுக்கு வருவான். பிறகு குடிக்கப் போய்விடுவான். ஆனாலும் அந்த நாட்கள் இருந்தன.

அந்த அறையிலிருந்து வந்த பிறகு அம்மா ஏசவில்லை.

கள்ளுத் தவறணையில் கூட்டாளிகள் ஆளுக்காள் விரல் அளந்து பார்த்தார்களாம். “உன்ர விரல் கட்டை மச்சான். நீ வீட்டை போய்த் தேத்தண்ணி குடி.” தம்பிதான் வந்து சொல்லிச் சிரித்தான்.

ஒரு காலை வாய்க்கால் கரையால் அம்மா வந்தார். கையில் சீலைப் பை. பைக்குள் கசிப்புச் சாராயப் போத்தல்.

“என்னம்மா இது?”

“றோட்டில விழுந்து கிடக்கிறதுக்கு வீட்டில இருந்து குடிக்கட்டும்.”

“ஒரு சொட்டும் கூடாதெண்டல்லோ சொன்னவை?”

“என்ர வயித்தில வந்தது. நான் குடுத்ததுக்கு அவனை எப்பிடி ஏசுறது?”

“என்ர கையும் அதே அளவுதானே. நானும் உங்கட வயித்திலதானே இருந்தனான்.”

அம்மா என் கையைப் பார்த்தார்.

“நீ தப்பிட்டாய். தப்பினவனுக்கு அம்மா தேவையில்லை.”

போத்தலைப் பறித்து வாய்க்காலில் ஊற்றினேன். அடுத்த நாளும் அவர் பையோடு போனார். தம்பியின் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புளியங்குளத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாரி தொடங்க அவன் கண் மஞ்சளானது. வயிறு ஊதியது. ஒரு மத்தியானம் இரத்தமாகச் சத்தியெடுத்தான். அம்புலன்ஸ் வரும்போது முடிந்துவிட்டது.

சாவைப் பதியக் கிராமசேவகர் வந்து தம்பியின் வயது கேட்டார். அம்மா சொன்னார்.

முப்பத்தாறு.