மலாயாவில் இருந்த மாமா

அறுபதுகளின் நடுப்பகுதியில், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய மனநல மருத்துவமனையில் நான் தாதியாக வேலை பார்த்தேன். குடியை விட முடியாதவர்களுக்கு அங்கே எல்.எஸ்.டி. கொடுத்து வைத்தியம் செய்தார்கள். இன்று சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அப்போது அது மருத்துவர்களின் கையில் இருந்த மருந்து. நாங்கள் அதை விளையாட்டாகக் கொடுக்கவில்லை.

எனக்கு அந்த வைத்திய அறையின் ஏற்பாடுகளில் பெரிய பெருமை. மருந்து கொடுக்கும் நாளில் நோயாளியின் இடுப்புப் பட்டியையும் சப்பாத்தையும் வாங்கி வைப்பேன். யன்னலின் கைப்பிடியைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போடுவேன். அரை மணிக்கு ஒரு தடவை நாடி பார்த்து எழுத வேண்டும். மருந்தின் வேகத்தைத் தணிக்கிற ஊசி தட்டில் தயாராக இருக்கும். ஆறேழு மணி நேரம் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மூத்திரம் முட்டினாலும் மாற்று ஆள் வந்து கதிரையில் உட்காராமல் எழும்பக்கூடாது. இவ்வளவுக்கும் முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இருதயம் எப்படி, ஈரல் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் மருந்து கிடையாது. அதில் மறுபேச்சே இல்லை.

நான் அண்ணை என்று கூப்பிடும் ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவரும் என் ஊர், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவு. யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் படிக்க வந்தவர். முதல் குளிர்காலத்தில் பியரில் தொடங்கினார். மூன்றாவது குளிர்காலத்தில், காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே சாராயம் வேண்டியிருந்தது. இன்னொரு பரீட்சை தவறினால் படிப்பு அவ்வளவுதான் என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. தகப்பன் இல்லாத வீடு. தாயும் ஒரு தங்கையும் அவரை நம்பி இருந்தார்கள். தலைமை மருத்துவரை விடாமல் நச்சரித்து அவருக்கு ஓர் இடம் வாங்கினேன்.

படிவம் நிரப்புவதற்கு முதல் நாள் அவர் என்னைத் தேடி வந்தார்.

"இஞ்சை பிள்ளை, மாமாவின்ரை கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார். "தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகினம்."

மாமா அவருடைய தாயின் தம்பி. கேட்பவர்களுக்கெல்லாம் அவர் மலாயாவில் இருந்தார். உண்மையில் வீட்டின் பின் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். மலாயாவில் இருப்பவர் மத்தியான வேளையில் உரத்த குரலில் தேவாரம் பாடுவார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புத் தோய்த்துக்கொண்டு, காதில் விழாதவர்கள் மாதிரி இருப்போம். விசர் இருக்கிற குடும்பத்தில் பெண் எடுக்கமாட்டார்கள் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்.

ஜெர்மன் மொழியில் எழுதி, இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற ஒரு கோப்பிலிருந்து அந்தச் செய்தி எப்படி யாழ்ப்பாணம் போய்ச் சேரும் என்று இருவரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. படித்த முட்டாள்கள் என்றால் நாங்கள்தான்.

தலைமை மருத்துவர் கேட்டபோது அவர் இல்லை என்றார். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டார். மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை போலும். என் பக்கம் திரும்பி, நீங்கள் ஒரே ஊர்தானே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

முதல் இரண்டு தடவையும் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது தடவை தகப்பனை நினைத்து விம்மி விம்மி அழுதார். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒரு சொட்டும் தொடவில்லை. பரீட்சைக்குப் புத்தகங்களையும் எடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மூன்றாவது தடவை, மருந்து குடித்து மூன்று மணி நேரம் போனதும், எழுந்து உட்கார்ந்து காதுகளைப் பொத்தினார். ஊசி போட்டோம். யன்னல் பூட்டியிருந்தது. நான் கதிரையை விட்டு அசையவில்லை. அவர் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. அடுத்த நாள் காலைக்குள் மருந்தின் வேகம் இறங்கியிருக்க வேண்டும். பாணும் கோப்பியும் கொண்டு போனேன்.

"கேக்குதோ பிள்ளை?" என்றார். "மாமா பாடுறார்."

அடுத்த கிழமையும் மாமா பாடினார். அதற்கடுத்த மாதமும் பாடினார்.

அவர் முதலில் அப்படிக் கேட்ட அன்று காலையே மருத்துவரிடம் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். கோப்பை எடுத்து அந்த வரியை வெட்டிவிட்டுச் சரியானதை எழுதினார். மருந்து இல்லாவிட்டாலும் இது என்றோ ஒருநாள் வந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் தெரிந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சுத்தான் இன்றுவரை என்னை விடவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்த அறைக்குள் மட்டும் அதன் பிறகு விடவில்லை.

ஆறு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு அவரை ஊருக்கு அனுப்பினார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், அந்த வைத்தியமே நின்றுபோன பிறகு, விடுமுறையில் ஊருக்குப் போய் அவர் வீட்டுப் படியேறினேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. தங்கை கல்யாணம் முடித்து, கணவனோடு அங்கேயே இருந்தாள். கணவர் பக்கத்து ஊர்க்காரர். மச்சானைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வார்ப்பதும் சவரம் செய்துவிடுவதும் அவர்தான். எனக்கு மனம் கொஞ்சம் லேசானது. உன் கல்யாணம் குழம்பிவிடக்கூடாது என்றுதான் அண்ணை அங்கே மாமாவைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு மாமாவின்ரை கதை முதலே தெரியும் அக்கா" என்றாள். "நான்தான் அம்மாவைச் சொல்லச் சொன்னனான். தெரிஞ்சுதான் ஓமெண்டவை."

பிறகு, அங்கே டொக்டர்மார் ஒன்றும் கேட்கவில்லையா என்று கேட்டாள். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"கேட்டவை. அண்ணை இல்லையெண்டார். என்னட்டையும் கேட்டவை. நானும் இல்லையெண்டுதான் சொன்னனான்."

அவள் அண்ணனுக்குச் சோறு போட எழுந்து போனாள். அதுவரை பொங்கலுக்குப் பொங்கல் எனக்குக் கடிதம் போட்டவள், அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. எழுதாதது சரிதான்.