நானூற்றைம்பதுக்கு ஏறிய கம்ப்யூட்டரும் ஒரு சாட்டின் உறையும்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடை வைத்திருந்தேன். ஒரு பெண் ஸ்குரூ டிரைவர் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே சிலர் வருவார்கள். வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்பியதில்லை.

நான் பேர் வாங்கியது ஓவர்கிளாக்கிங்கில், அதாவது ப்ராசஸரைக் கம்பெனி குறித்த வேகத்துக்கும் மேலே ஓட்டுவதில். அப்போது வந்த 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் ஒன்றை, பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்கில் பஸ் ஸ்பீடை 66-லிருந்து 100 ஆக்கினால் 450-க்கு ஓட்டலாம். மெமரியும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். எந்த ரேம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் மாட்டுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

தாடிக்கொம்பில் கல்யாண வீடியோ எடுக்கும் ஆரோக்கியம் அண்ணன் ஒருநாள் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ள சனிக்கெழம துபாய் கெளம்புறாரு. அதுக்குள்ள சி.டி.ய கையில குடுக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இது ஓடுற ஓட்டத்துக்கு, அவரு போயிட்டு லீவுல திரும்பியே வந்துருவாரு."

450-க்கு ஏற்றி, ஒரு பகல் முழுக்கக் கடையிலேயே ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. எடுத்துப் போனார். வியாழக்கிழமை காலை போன் வந்தது.

"பாதியிலயே நின்னு போகுது தங்கச்சி. பேசாம பழைய ஸ்பீடுக்கே வச்சிரு."

"வச்சா சனிக்கெழமைக்கு முடியாதுண்ணே. இருங்க, வாரேன்."

உடனே தாடிக்கொம்புக்கு பஸ் ஏறினேன். அவர் வாக்கு தவறினால் அந்த ஊரில் அடுத்த கல்யாணம் அவருக்குக் கிடைக்காது. என் பேரும் கூடவே கெடும்.

அவர் வீட்டு எடிட்டிங் அறைக்குள் நுழைந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கேபினெட்டுக்குக் கழுத்திலிருந்து கால்வரை ரோஸ் நிற சாட்டின் உறை, ஓரமெல்லாம் ஃப்ரில். சுவிட்சுக்கும் சி.டி. டிரைவுக்கும் மட்டும் அளவாக ஓட்டை. பின்னால் ஃபேன் இருக்கும் இடம் முழுக்க மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"இதப் போட்டுக்கிட்டேவா ஓட்டுனீங்க?"

"பக்கத்துல மாவு மில்லு, அம்புட்டும் தூசி. அதான் கழட்டாம ஓட்டுற மாதிரி உங்க மதினி தச்சிருக்கா."

ஸ்டெல்லா மதினி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

"தையல் பிரமாதம் மதினி. பின்னாடியும் ஒரு ஜன்னல் வச்சிருங்க, போதும்."

"ஜாக்கெட்டுக்கு வைக்கிற மாதிரியா?"

"அத விட எறக்கமா."

மதினி சிரித்தபடி கத்தரிக்கோலை எடுத்து, முதுகுப் பக்கத்தை மொத்தமாக வெட்டி எடுத்தார். வேகத்தில் நான் கை வைக்கவே இல்லை. அதே 450-ல் ஓடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சி.டி. தயாராகிவிட்டது. மறுநாள் மாப்பிள்ளையின் பெட்டியில் அது துபாய் போனது.

அதன்பின் எரியோடு ஊர் வீடியோக்காரர்கூட வந்து, "தாடிக்கொம்புல போட்ட அதே ஸ்பீடு வேணும்" என்று நின்றார். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி மாளாது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு மிஷினை வேகமாக்கும் முன் ப்ராசஸரைப் பாருங்கள், ரேமைப் பாருங்கள். அப்புறம் மறக்காமல், அந்த வீட்டில் யாருக்குத் தையல் தெரியும் என்று கேளுங்கள்.