யோபு அண்ணன் மூடிய கீறல்

யோபு அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அரக்கோணம் சாலையில் அவருடைய ஷெட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்தான் போன் செய்தார். "டீச்சரம்மா, அண்ணன் உக்காந்த வாக்குலயே பூட்டாரு" என்றார். வண்டி விட வந்த ஒருவர் பத்து நிமிஷம் அவர் பின்னாலேயே நின்றிருக்கிறார். யோபு அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, கையில் துணியோடு, ஒரு கறுப்புக் காரின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் அப்படிப் பார்க்கும்போது நாம் யாரும் குரல் கொடுப்பதில்லை. அந்த மனிதரும் கொடுக்கவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'கார் பெயிண்டர்' என்று அடித்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் "வேற ஆளப் பாரு" என்று திருப்பி அனுப்பியவர் அவர். கீறல்தான் அவர் வேலை. பெயிண்டுக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறதே, அதில் விழுகிற ஆழமான கோடுகள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற எனக்கு அவை குறைந்தது மாதம் இரண்டு விழும். பதினாலு வருஷம் என் வண்டிகள் அவரிடம்தான் போயின.

முதலில் கோட்டின்மேல் தண்ணீர் தெளிப்பார். கோடு மறைந்தால் மேல்பூச்சோடு போயிற்று என்று அர்த்தம். மறையாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டுவார். பிறகு கீறியது யார் என்று சொல்வார். எதிர்வீட்டுக்காரன் ஆணியால் கிழித்துவிட்டான் என்று குதித்துக்கொண்டு வந்த ஒருவரிடம், "உன் பெல்ட்டு பக்கிள்பா. வண்டிய தொடச்சிகினே சாஞ்சிகினு போயிருக்குற" என்றார். அந்த மனிதர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "கோட்டுக்கு ஆரம்பம் ஒண்ணு, முடிவு ஒண்ணு. நடுவுல ஒரு ஆளு இருக்குறான்" என்பது யோபு அண்ணன் அடிக்கடி சொல்வது. நாம் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம், நல்ல வெயிலில், பள்ளிப்பட்டிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். எதிரே பஸ் வந்தது. இடதுபக்கம் ஒதுங்கினேன். அங்கே கன்னிமார் கற்களும் ஒரு வேப்பமரமும் உண்டு. வேண்டிக்கொண்ட பெண்கள் அந்த மரத்தின் கிளைகளில் பச்சை வளையல்களைக் கோர்த்துக் கட்டுவார்கள். இடது கதவில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்துவிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. முள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றே வண்டியை ஷெட்டில் விட்டேன். யோபு அண்ணன் தண்ணீர் தெளித்தார், நகத்தை ஓட்டினார். பாதியில் விரல் நின்றது. ஊசியை எடுத்துக் கோட்டின் உள்ளேயிருந்து எதையோ நெம்பித் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பச்சைக் கண்ணாடித் துணுக்கு. "முள்ளு இல்ல டீச்சரம்மா, வளையலு" என்றார். மறுநாள் காலையிலேயே அந்த இடத்துக்குப் போனேன். மரத்தடியில் உடைந்த பச்சை வளையல்கள் கிடந்தன, ரத்தம் ஏதும் இல்லை. பக்கத்தில் யாரையும் விசாரிக்காமல் நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

"மரத்துல கட்டின வளையல்தான் அண்ணே" என்று ஷெட்டில் அவரிடம் சொன்னேன். அவர் பாலிஷ் கம்பவுண்டு டப்பாவை மூடினார். "மரத்துல தொங்குற வளையலு நவுந்து பூடும். உள்ள கை இருந்தாத்தான் இப்டி அழுந்தும். ஆரம்பத்துல அழுத்தம், அப்பறம் தூக்கிகினு போவுது பாரு. இது தடுக்க நீட்டின கை" என்றார். நான் கத்திவிட்டேன். "கீறல மூடத்தான் உங்ககிட்ட வண்டி விட்டேன், ஜோசியம் பாக்க இல்ல. நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வண்டி வேணும்." அந்தக் கோடு ஓடியது எங்கள் வண்டிக் கதவில் எழுதியிருக்கும் 'பாதுகாப்பே முதல் பாடம்' என்ற வரிக்கு நேர் கீழே. விஷயம் வெளியே வந்தால் என் பள்ளிக்கு யார் வருவார்கள் என்பதுதான் அப்போது என் கவலை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் மூடிக் கொடுத்தார். மெல்லிய பிரஷ்ஷால் துளித்துளியாகப் பூச்சை விட்டு, காயவைத்து, சோப்புத் தண்ணீரில் நைஸ் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றினார். தடயமே இல்லை. அடுத்த ஆடியில் அந்தக் கோடு திரும்ப வந்தது. அவசரமாக விட்ட பூச்சு நாளடைவில் காய்ந்து உள்ளே இறங்கும், அப்போது பழைய கோடு மேலே தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது முறை அவர் அவசரப்படவில்லை. ஒரு வாரம் வண்டியை வைத்திருந்தார். அதற்கடுத்த ஆடியிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் வந்தது. மூன்றாவது முறை மூடியபின், "மேல நான் பாத்துக்கறன் டீச்சரம்மா. கீழ இருக்குறத நான் பாக்க முடியாது" என்றார்.

பாலிஷ் முடிந்த கதவை அவர் நேரே பார்க்க மாட்டார். ஷெட்டுக்கு எதிரே தூரத்தில் நிற்கும் கோயில் மலை அதில் தெரிவதைப் பார்ப்பார். மலை எங்கே உடைகிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி. அந்த மூன்றாம் முறை என்னையும் முக்காலியில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். மலை முழுசாக இருந்தது. ஆனால் என் முகத்துக்குப் பின்னால் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். திடுக்கிட்டுத் திரும்பினேன். எதிர்ச்சாரியில் கொடியில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். "இன்னா பாத்த?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்கு அவர் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும், அவர் மனைவி எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். அங்கே நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "இவங்க லட்சுமம்மா. பள்ளிப்பட்டு பக்கம், தறி போடறவங்க. ஞாயித்துக்கெழம ஜெபம் முடிஞ்சா அவரு இவங்க வூட்டுக்குத்தான் போவாரு" என்றார் எஸ்தர் அக்கா. கன்னிமார் மரத்தடியில் யோபு அண்ணன் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து, வருகிற பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். திட்டியவர்களும் உண்டாம். மூன்றாவது ஞாயிறு லட்சுமம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறார்.

லட்சுமம்மா கையை வெளியே எடுத்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட அந்த விரல்கள் வேண்டும். நான்கு வருஷமாக, வாரம் பூராவும் அறுந்து நின்ற இழைகளுக்கெல்லாம் யோபு அண்ணன்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"வண்டி ஓட்டினது யாருன்னு எத்தினியோ தபா கேட்டன். சொல்லல. 'அவங்களே வருவாங்க'ன்னு மட்டும் சொன்னாரு" என்றார் லட்சுமம்மா. கேட்டுக்கு வெளியே என் வண்டி நின்றிருந்தது. அவர் அதனருகே போய், கோடே தெரியாத அந்த மூடிய கதவில், தேடாமல், தடவாமல், சரியாக அந்த இடத்தில் அந்த இரண்டு விரல்களையும் வைத்தார். "நான்தாங்க ஓட்டினேன். சத்தம் கேட்டுது. நிறுத்தல" என்றேன்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. "கோவமெல்லாம் எப்பவோ பூடுச்சிங்க. நூலுதான் அறுந்துகினே இருக்குது. இனிமே ஞாயித்துக்கெழம யாரு வருவா?" என்று கேட்டார்.

அவரிடம் வண்டி விட்ட நண்பர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் அவருடைய ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு முறை போய்விட்டு வந்தேன். என் முடிச்சுகள் நிற்பதில்லை, கொஞ்சம் இழுத்தாலே அவிழ்ந்துவிடுகின்றன. லட்சுமம்மா அவிழ்ந்த இழையை எடுத்து மறுபடியும் என் கையிலேயே கொடுக்கிறார்.