இரவல் வால்வு

ராக்கம்மா வாயைத் திறந்தால் எஞ்சின் நின்றுவிடும் என்பார்கள் லயத்து வீடுகளில். எஞ்சின் நின்றதில்லை. ஆனால் அது ஓடும்போது அதற்கு மேலே கேட்கக்கூடிய குரல் அந்தத் தோட்டத்தில் அவளுடையது ஒன்றுதான். சோற்றுத் தூக்கோடு எஞ்சின் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே எண்ணெய் விடும் புருஷனைக் கூப்பிடுவாள்.

"ஏய்யா, வயித்தையும் அந்த மிஷினுக்கே எழுதிக் குடுத்துட்டியா? வந்து தின்னுட்டு அப்புறம் அதக் கட்டிப் புடிச்சிக்க."

அர்ச்சுனன் சிரித்தபடி கையைத் துடைத்துக்கொண்டு வருவான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். குழந்தை இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுதான் ஓடி விளையாடியது.

மலாயாவில், தம்பினுக்கு வடக்கே இருந்த அந்தத் தோட்டத்துக்குத் துரை வைத்த பெயர் வேறு. நுழைவில் நின்ற புதரை வைத்துச் சனங்கள் மூங்கில் தோட்டம் என்றார்கள். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். ஆட்களைக் குறைத்தார்கள். காய்ச்சல்காரர்களைத்தான் முதலில் ஊருக்குக் கப்பலேற்றினார்கள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, மருந்து கொடுக்கும் டிரெசர் ஒவ்வொரு கழுத்திலும் கைவைத்துப் பார்த்துக்கொண்டு வருவார். சூடு இருந்தால் ஆஸ்பத்திரி. அடிக்கடி ஆஸ்பத்திரி என்றால் நாகப்பட்டினம்.

நாகப்பட்டினத்தில் இறங்கினால் ராக்கம்மாவுக்கு எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியாது. அவளைப் பெற்றவர்கள் இந்த மண்ணில்தான் புதைந்து கிடந்தார்கள். கப்பலேறுவதில்லை என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். பெரட்டில் காய்ச்சலுக்கு ஆளுக்கொரு கோப்பை கொய்னாத் தண்ணி கொடுப்பார்கள். டிரெசர் அடுத்த வரிசைக்குத் திரும்பும் நேரத்தில், கசப்புக்கு அழுகிறவர்களின் கோப்பை கைமாறி அவளிடம் வரும். அவளே கேட்டு வாங்கிக் குடித்தாள். மருந்து கூடக்கூடக் காய்ச்சல் எட்டிப் போகும் என்பது அவள் நினைப்பு. அர்ச்சுனனும் சில நாள் தன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான்.

காய்ச்சல் எட்டித்தான் போனது. அதன் பிறகு காதுக்குள் ஏதோ கூவத் தொடங்கியது. கொய்னா குடித்த எல்லாருக்கும் கூவும், சில நாளில் ஓய்ந்துவிடும் என்றார்கள். அவளுக்கு ஓயவில்லை. கூவல் வளர வளர வெளிச்சத்தம் ஒவ்வொன்றாக விழுந்தது. முதலில் கோழி, பிறகு பெரட்டுக்கு அடிக்கும் தப்பு, கடைசியில் புருஷன்.

அப்போதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. லயத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலையின் காதருகே குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு வேட்டிகூட இரவலாம்டி!"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டான். ராக்கம்மா அத்தனை பற்களையும் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். பஞ்சாலை ராக்கம்மாவின் வாயைப் பொத்திக் காட்டினாள்.

அன்றோடு சரி. அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. சோற்றுத் தூக்கு வாசலில் வந்து உட்காரும். அர்ச்சுனன் தற்செயலாகத் திரும்பினால்தான் அவள் நிற்பது தெரியும்.

டிரெசரிடம் போய் நின்றான்.

"நரம்பு போச்சுடா. காது என்ன கதவா, பலமாத் தட்டுனா தொறக்கிறதுக்கு?" என்றார் அவர்.

தட்டிப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று அவன் நினைத்தான். அந்த நினைப்புக்குக் காரணம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன் வீட்டு வானொலி. ஒரு சாயங்காலம் அங்கே விளக்குக் கம்பி மாற்றப் போனவனுக்குக் கிராணி காதுவட்டுகளை மாட்டிவிட்டார். ஜாவாவில் பத்தாவியாவிலிருந்து யாரோ பாடுவது கொசு முனகுவதுபோல் கேட்டது. கிராணி கண்ணாடிக் குமிழ்போல் இருந்த இன்னொரு வால்வைச் செருகினார். கொசு மனிதனாகி அவன் மண்டைக்குள் நின்று கத்தியது.

"எப்படி ஐயா?"

"ஆம்ப்ளிபயர். சின்னச் சத்தத்த இந்தப் பக்கம் குடு, பெரிய சத்தம் அந்தப் பக்கம் வரும். ஈ நடந்தா யானை நடக்கிற மாதிரி இருக்கும்."

"மனுசன் பேசுனா?"

கிராணி அவனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். பேச ஒரு வாய்க்குழல், ஒரு கம்பிச் சுருள், ஒரு வால்வு, கேட்க இரண்டு காதுவட்டு. வால்வைச் சூடேற்ற ஒரு சின்ன பேட்டரி, அதை வேலை செய்யவைக்க ஒரு பெரிய பேட்டரி. "சாமான் கெடைச்சா கட்டிடலாம். கெடைக்கணுமே" என்றார்.

தம்பினில் ஹிதாயத்துல்லா நானா காயலான் கடை வைத்திருந்தார். தகரமும் கம்பியும் கூரையைத் தொடும்.

"நானா, பேச்சைப் பெரிசாக்குற சாமான் ஏதும் இருக்கா?"

"எங்க மாமி இருக்காஹ. காயல்பட்டணத்துலேர்ந்து வரவழைக்கவா லா?"

அர்ச்சுனன் படத்தை நீட்டினான். சிரித்துக்கொண்டே வாங்கியவர், யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் சிரிப்பை நிறுத்தினார். ராக்கம்மாவை அவருக்குத் தெரியும். விலை பேசி அவரை அழவைத்த ஒரே வாடிக்கைக்காரி. உள்ளே போய், ரயில்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு டெலிபோன் பெட்டியை இழுத்து வந்தார். அதிலே வாய்க்குழலும் கம்பிச் சுருளும் இருந்தன. காதுவட்டும் வால்வும் இல்லை.

"சிங்கப்பூர்லேர்ந்து எடுக்கணும் தம்பி. சும்மா வராது."

அர்ச்சுனன் தன் சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக் கொண்டுவந்து சாத்தினான்.

"நடந்தா போவே?"

"தோட்டத்துக்கு மொத மொத வந்தது நடந்துதானே நானா."

பெரிய பேட்டரிதான் பாடாய்ப் படுத்தியது. புதிதாய் வாங்க வழியில்லை. தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகளைத் தேடினான். வேலை ஏவும் மண்டோர்கள் தூக்கிப் போட்டது, கங்காணி வீட்டுப் பரணில் கிடந்தது, வண்டிச் சடக்கோரம் குப்பையில் கிடைத்தது. செத்த பேட்டரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். வீட்டு முன்னால் வடகம் காயப்போட்டதுபோல் பரப்பிவைத்து, மழை வந்தால் ஓடிவந்து அள்ளினான். மூங்கிலைப் பிளந்து அதற்குள் ஒன்றின் வாலில் ஒன்றாக அடுக்கிக் கட்டினான்.

"பொண்டாட்டி வாய மூடிட்டா ஊரெல்லாம் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தும். இந்த அண்ணன் மட்டும் தொறக்கறதுக்கு மிஷினு கட்டுது" என்றாள் பஞ்சாலை. சொல்லிவிட்டு, தன் வீட்டு டார்ச்சிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தாள்.

ராக்கம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்கவில்லை.

சிங்கப்பூர் சாமான் வந்தது. பஞ்சுக்குள் வைத்திருந்த வால்வை அவன் கோழிமுட்டை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு தம்பினிலிருந்து நடந்தான். வீட்டுக்கு வந்து கையைக்கூடக் கழுவாமல் மாட்டினான். எஞ்சினோடு பழகியவன். எது இறுகவேண்டும், எது தளரவேண்டும் என்று கைக்குத் தெரியும். ஆனால் இங்கே இறுக்கவும் தளர்த்தவும் ஒன்றுமில்லை, நாலு கால்களும் நாலு கம்பிகளும்தான். மூங்கிலில் இருந்த பெரிய பேட்டரியின் கம்பியைச் சின்ன பேட்டரிக்குரிய காலில் வைத்தான்.

கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை மின்னல். மிக அழகாக இருந்தது. பிறகு இருட்டு.

உலுக்கிப் பார்த்தான். உள்ளே அறுந்த இழை ஆடியது.

அன்று எஞ்சின் கொட்டகைக்குப் போனவன் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தூக்கு வந்து வாசலில் இருந்தது. எடுக்கவில்லை. இப்போது அவள் திட்டவேண்டும். வயிற்றை மிஷினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்கவேண்டும். அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

இனி கொடுக்க அவனிடம் சைக்கிள் இல்லை. கிராணி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான். எரிந்த வால்வை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெரிசைச் சின்னதுல குடுத்துட்டியா?"

"ஆமாங்க ஐயா."

"எல்லாரும் ஒரு வால்வ இப்படித்தான் கொல்றது. நானும் கொன்னுருக்கேன்."

உள்ளே போனார். தன் வானொலியைத் திறந்து ஒரு வால்வைக் கழற்றினார். சின்ன பேட்டரியின் கால்களில் சிவப்பு நூலும் பெரியதின் காலில் கறுப்பு நூலும் தன் கையாலேயே சுற்றினார்.

"நாளைக்கு ஞாயிறு, நான் சிரம்பான் போறேன். பொழுது சாய வந்துடுவேன். வந்ததும் இது என் கைக்கு வரணும் அர்ச்சுனா. வீட்ல இதுக்கே பெரிய சண்டை வரும்."

ஞாயிறு காலையில் வீட்டு வாசலில் கூட்டம். அர்ச்சுனன் நூலைப் பார்த்து நூலைப் பார்த்துக் கட்டினான். மின்னல் வரவில்லை. வால்வுக்குள் அடுப்பில் கடைசியாக மிஞ்சும் கங்குபோல் ஒரு சிவப்பு தெரிந்தது.

முதலில் பஞ்சாலை காதில் மாட்டினார்கள். முற்றத்தின் கோடியில் வாய்க்குழலைப் பிடித்துக்கொண்டு அர்ச்சுனன் நகத்தால் தன் சட்டையைச் சுரண்டினான்.

"ஐயோ, கூரையப் பிக்கிறாங்க!" என்று அலறி அவள் கழற்றி வீசினாள். சனங்கள் ஓவென்று சிரித்தார்கள். அர்ச்சுனனும் சிரித்தான். கல்யாணப் பந்தலுக்குப் பிறகு அந்த லயம் அப்படிச் சிரிக்கவில்லை.

ராக்கம்மாவைப் பலகையில் உட்காரவைத்தான். அவள் தலைமுடியை ஒதுக்கி இரண்டு வட்டுகளையும் பொருத்தினான். அவள் தடுக்கவில்லை. கோடிக்குப் போய் வாய்க்குழலில், "ராக்கு" என்றான்.

அவள் புருவம் அசைந்தது.

"ராக்கு! நான்தான் புள்ள! கேக்குதா?"

மறுபடி அசைந்தது. ஏதோ வருகிறது. வார்த்தையாக வரவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. தூரத்தில் மூட்டை விழுந்தால் திரும்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். என் குரல் பலமில்லாத குரல், அவள் குரலாவது அவளுக்குக் கேட்கட்டும் என்று அவன் நினைத்தான். ஓடிவந்து வாய்க்குழலை அவள் உதட்டருகே வைத்தான். பேசு என்று கையால் காட்டினான். திட்டு என்று காட்டினான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி கூவியது.

காதுவட்டின் சத்தம் வாய்க்குழலுக்குள் போய், பெருகி, மறுபடி காதுவட்டுக்கு வந்து, மறுபடி உள்ளே போயிற்று. மெல்லிய, நீளமான, மூச்சே விடாத கூவல். வாசலில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு நாய் ஓடியது. அர்ச்சுனன் எந்தக் கம்பியைப் பிடுங்குவதென்று தெரியாமல் நின்றான்.

ராக்கம்மா காதைப் பொத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்கள் விரிந்தன. பொத்தியிருந்த ஒவ்வொரு கையையும் அவள் பார்த்தாள்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றாள்.

அத்தனை நாளுக்குப் பிறகு வந்த குரல் துரு ஏறியிருந்தது. பஞ்சாலை அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"இதுதான். இதேதான். எனக்கு உள்ள இருந்ததுதான் இது." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏய்யா, இத எதுக்கு வெளிய கூட்டியாந்த? நிறுத்துய்யா."

அவன் கம்பியைப் பிடுங்கினான். முற்றம் ஒரேயடியாக அமைதியாயிற்று. கைகள் காதிலிருந்து இறங்கின. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

ராக்கம்மா காத்திருந்தாள்.

"நிறுத்திட்டியா?"

அவன் தலையாட்டினான். அணைந்த வால்வைத் தொட்டுக் காட்டினான்.

"எனக்கு நிக்கலியே" என்றாள்.

காதுவட்டுகளைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாதம் வடிக்கும் சத்தம் கேட்டது.

பொழுது சாய அவன் வால்வைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். கிராணி அப்போதுதான் சிரம்பானிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"வேலை செஞ்சிச்சா?"

"செஞ்சிச்சுங்க ஐயா."

"கேட்டுச்சா அவங்களுக்கு?"

"கேட்டுச்சுங்க."

"பேசினாங்களா?"

"பேசுனா."

கிராணி முகமெல்லாம் மலர்ந்து அவன் தோளில் தட்டினார். டிரெசரிடம் நாளைக்கே சொல்லவேண்டும் என்றார். வால்வைத் தன் வானொலியில் செருகி, வட்டுகளை அவன் பக்கம் நீட்டினார். அர்ச்சுனன் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி நடந்தான்.

மறுநாள் பெரட்டுத் தப்பு அடித்தது. எஞ்சினை ஓட்டிவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். சோற்றுத் தூக்கு வந்தது. ராக்கம்மா அவன் திரும்புவதற்குக் காத்து நிற்காமல், அதை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான். மண்டோர் எங்கிருந்தோ கத்தினான். எஞ்சின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது காதுக்குள் ஓடும். அன்றும் ஓடியது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, தனக்கு மட்டும் ஓய்ந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு, மறுபடி முடுக்கினான்.