எலுமிச்சைப் பாத்தியில் உப்பு

ஈப்போவில் எங்கள் வீட்டு முன்புறத்தில் மண் என்று இருந்தது இரண்டடிப் பாத்தி மட்டும்தான். மிச்சமெல்லாம் சிமெண்டு. மேலே தகரக் கூரை இறக்கியிருந்ததால், ஊரே நனைந்தாலும் அந்த மண்ணில் மழை விழாது. முதல் தடவை கர்ப்பமாக இருந்தபோது என் மனைவி அதில் ஓர் எலுமிச்சைக் கன்றை நட்டாள். குழந்தை தங்கவில்லை. கன்று பிடித்துக்கொண்டது.

இரண்டாவதும் கலைந்த பிறகு, என் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர ஆரம்பித்தாள். தொழிற்சாலை வேலை முடிந்து, உடுப்புகூட மாற்றாமல் வருவாள். என் மனைவியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, கை நிறையக் கல்லுப்பை அள்ளி மூன்று சுற்றுச் சுற்றி, செம்புத் தண்ணீரில் கரைப்பாள். கண்ணேறு கழித்த தண்ணீர் கால் படாத இடத்தில் சேர வேண்டும். வாசலில்தான் சாக்கடை இருக்கிறதே என்றேன்.

"லோங்காங்குல ஊத்துனா பக்கத்து வீட்டுப் பக்கம் போயிரும்லா. அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க, தம்பி."

அதனால் எலுமிச்சை அடியில் ஊற்றினாள். மூன்று வருஷம், ஒரு வெள்ளியும் தவறவில்லை.

இலைகள் ஓரம் கருகி உதிர்ந்தன. பூ வந்தது, ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. காலையில் என் மனைவிதான் உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளுவாள். அந்த நாட்களில்தான் மூன்றாவதும் போயிற்று.

"இந்த வீட்டுல எதுவும் தங்காதுங்க," என்றாள்.

"மரத்துக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான் இருந்தது.

பாத்தி மண்ணில் ஒரு பிடியைப் பையில் கட்டி, கோப்பெங்கில் செடி விற்கும் சீனரிடம் கொண்டுபோனேன். மண்ணின் மேல் வெள்ளையாய்ப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தவர், துப்பிவிட்டு மலாயில் திட்டினார். இவ்வளவு உப்பா? எவ்வளவு ஊற்றினாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாதாம். உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கவே அதன் பலமெல்லாம் போய்விடும். பூ பிஞ்சாக என்ன மிஞ்சும் என்றார்.

எனக்கு அப்படியொரு நிம்மதி. சாபமில்லை, ராசிக்கேடில்லை, வெறும் உப்பு. வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஓடிப்போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உலர்ந்த துணிகளை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்காகிட்ட சொல்லிராதீங்க. தாங்க மாட்டாங்க," என்றாள்.

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"மரத்துக்குக் காரணம் கெடச்சிருச்சு. எனக்கு எந்த மண்ணைங்க கொண்டுபோய்க் காட்டுவீங்க?"