இரண்டு பேர் எடை

என் வீட்டுக்காரருக்கு உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை. மொட்டை மாடியிலிருந்து கம்பி வடத்தில் ஒரு கூண்டு தொங்கும். அதன் ஒரு முனையில் இவர் நிற்பார், மறு முனையில் என் தம்பி. இரண்டு பேரும் ஒரே நிதானத்தில் சக்கரத்தைச் சுற்றினால்தான் கூண்டு சாயாது. "அந்தப் பக்கம் நிக்கிறவன் யாருன்னு தெரியாம நான் கால வைக்க மாட்டேன்" என்பார் இவர். மாமாவும் மச்சினனும் இத்தனை வருடத்தில் வேறு யாரோடும் ஏறியதில்லை.

பிறகு புது மேற்பார்வையாளர் வந்தார். இவ்வளவு எடைதான் தாங்கும் என்று கூண்டின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை அதுவரை ஒருவரும் சட்டை செய்ததில்லை. அவர் செய்தார். கிடங்கில் மூட்டை நிறுக்கிற தராசில் ஜோடி ஜோடியாக, தண்ணீர் வாளியோடு ஏற்றி நிறுத்தார். இவர்கள் ஏறியதும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"அடுத்த மாசம் புதுக் கட்டடம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துருங்க. இல்லன்னா ஜோடியப் பிரிச்சிருவேன். ஒருத்தர் படிக்கட்டு கழுவப் போகணும்."

வீட்டுக்கு வந்ததும் இவர் அறிவித்தார். "நான் குறைக்கிறேன். அவன் சாப்பிடட்டும், வளர்ற பையன்."

வளர்கிற பையனுக்கு நாற்பது வயது. முன்பக்கம் முழுக்க வழுக்கை.

பகலெல்லாம் இவர் துறவிதான். பொழுது சாய்ந்தால் வேறு ஆள். தொல்லை வேலை இடத்திலேயே ஆரம்பித்துவிடும். நாலு மணிக்கு உள்ளே இருக்கிற ஆபீஸ்காரர்கள் பொட்டலத்தைப் பிரிப்பார்கள், இவர் வெளியே அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொங்குவார். "துடைக்கத் துடைக்க அந்தக் கேக்கு இன்னும் பளிச்சுன்னு தெரியுதுடி" என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே மூக்கு அடுப்படிக்குப் போய்விடும். வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி! நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். பேக்கரி இருக்கிற தெருவாகப் பார்த்து நடந்திருக்கிறார், மீசையில் பன் துகளோடு வந்து நின்றார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; இவருக்குப் பொய் சொல்லும் திறமையும் சேர்ந்து பறந்திருந்தது.

ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்தால், ஏற்கெனவே கழுவினது போல் இருக்கிறது. குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. இவர் மத்தியானம் சாப்பிடுவதே இல்லை.

"மத்தியானம் பட்டினி கெடந்தா சாயங்காலம் பேய் புடிக்காம என்ன செய்யும்?" என்று பிடித்தேன் ஒரு பிடி.

அன்றிலிருந்து மத்தியானம் அளவாக, ஆனால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். சாயங்காலம் வந்ததும் அவித்த முட்டை, ஒரு டம்ளர் டீ. இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாடு, உடனே பல் விளக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது. ஆயுள் முழுக்கத் துடைத்தே பிழைத்த மனிதர்; துலக்கி வைத்ததை மறுபடி அழுக்காக்க அவருக்கு மனசு வருமா? பிஸ்கட் டப்பாவைத் திறப்பார், நாக்கால் பல்லைத் தடவிப் பார்ப்பார், மூடிவிடுவார். நானும் கவனிக்காதவள் போல் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். முகம் தெளிந்தது. தராசு நாளன்று என்னால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, நானும் கிளம்பிப் போனேன்.

இரண்டு பேரும் வாளியோடு ஏறினார்கள். முள் ஆடியது, ஆடியது, பழைய இடத்திலேயே போய் நின்றது.

தராசு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம். மேற்பார்வையாளர் தனித்தனியாக ஏறச் சொன்னார். இவர் நன்றாகவே குறைந்திருந்தார். எல்லாரும் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தோம். சட்டையின் நடுப் பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

"மாமா தெனமும் சோத்துப் பெட்டிய என் கையில குடுத்தாரு. அப்புறம் அதை நிறுத்திட்டாரு. ஆனா டீக்கடைல அவரு பன்னு, குடிக்காம வச்ச சர்க்கரைப் பாலு எல்லாம் எனக்குத்தான். வீணாப் போகக் கூடாதுன்னாரு. பெரியவங்க குடுத்தா எப்படி வேணாங்கறது?" என்றான் தம்பி.

இவர் குறைத்ததையெல்லாம் அவன் ஏற்றியிருக்கிறான், ஒரு துளி சிந்தாமல். மேற்பார்வையாளர் சிரித்துச் சிரித்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரிடம் சொன்னார், "உங்களுக்கு இப்ப ஒரு குறையும் இல்ல. ஒல்லியா ஒருத்தன் இருக்கான், அவனோட ஏறுங்க. மச்சான் படிக்கட்டுக்குப் போகட்டும்."

தம்பி தரையைப் பார்த்தான். ஒருபக்கம் புருஷன், ஒருபக்கம் கூடப் பிறந்தவன்.

"ஒரு வாரம் குடுங்க சார். முடியலன்னா ரெண்டு பேரையும் படிக்கட்டுக்கு அனுப்பிருங்க" என்றார் இவர்.

ஒரு வாரம், ஒன்றுக்கு இரண்டு பேரின் பசியோடு மாரடித்தேன். தம்பி எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். தட்டை வழித்துவிட்டு, அடுப்புப் பக்கம் ஏக்கமாகப் பார்ப்பான். இவர் அவன் கையில் பல் விளக்குகிற பிரஷ்ஷைத் திணித்துத் தள்ளிக்கொண்டு போவார். "மொத நாலு நாளுதாண்டா கஷ்டம். அந்த நேரத்த மட்டும் தாண்டிட்டா போதும், பசி தானாச் சலிச்சிக்கிட்டுப் போயிரும்." இரண்டு பேரும் அதன்பின் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி அந்த நேரத்தைத் தாண்டுவார்கள்.

புதுக் கட்டடத்தின் முற்றத்துக்கே தராசை எடுத்து வந்திருந்தார்கள். முள் கோட்டைத் தொட்டது, யோசித்தது, ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்றது. மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார்.

கூண்டு தரையைவிட்டுக் கிளம்பியது, கொஞ்சமும் சாயாமல். முதல் மாடியைத் தாண்டும்போது தம்பி எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா! சாயங்காலம் என்ன?"

"முட்டைக்கோஸ் சூப்பு!"

கேட்ட வேதனையில் அங்கிருந்தே எகிறிக் குதித்துவிடுவான் போலிருந்தது. இவர் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார்.