மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, வாசிப்பு நிகழ்வொன்றுக்காக நேராக இந்த மட்டக்களப்புப் பல்கலைக்கழக மண்டபத்துக்கு வந்திருக்கிறேன். பின்வரிசையில் சேர்ட்டை வெளியே விட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள். இங்கே படிப்பவர்களும் இல்லை, படிப்பிப்பவர்களும் இல்லை. புலனாய்வுக்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இன்று வாசிக்கப்போகிறவர் யோகமலர். வாகரைப் பக்கத்து வேடர் குடியில் பிறந்த எழுத்தாளர். தேன் எடுக்கப்போய்க் காட்டில் சுடப்பட்ட தன் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறார். போன கிழமை இதே இரண்டு பேரும் வீடு தேடி வந்து, அண்ணனின் பெயரை வாசிக்கக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார்கள்.

"பேரை மட்டும் விட்டிட்டு வாசியுங்களேன்," என்று யோகமலரிடம் சொல்கிறேன்.

"என்ன கதை கா இது? எங்கட சடங்கில செத்த ஆள மூண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிடோணும். கூடியிருக்கிற ஆக்கள் அவருக்காக ஓம் எண்டு பதில் குடுக்கோணும். இல்லாட்டி அவர் வெளியிலயே நிப்பாரு."

"பயமில்லையா?"

"காலையிலருந்து சோறு இறங்கல்ல கா."

மேடையேறி வாசிக்கிறார்.

"வேலன்."

முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

"வேலன்."

பின்வரிசைக்காரன் ஒருவன் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறான்.

"வேலன்."

நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். இவ்வளவு படித்த கூட்டமும் குனிந்து தன் செருப்பைப் பார்க்கிறது.

"ஓம்," என்கிறேன்.

கைபேசி என் பக்கம் திரும்புகிறது. திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது.